சந்தனசாமியின் மடக்குப் பந்தல்

சந்தனசாமிக்கும் சூரியனுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது.

குரும்பகரத்தில் அறுப்பு நடக்கிற நாளில் ஊரே வயலில் குனிந்திருக்கும். சந்தனசாமி மட்டும் மாட்டுவண்டிக்கு அடியில் இருப்பான். கூப்பிட்டால், "அச்சாணி சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்பான். வண்டி நகர்ந்தால் அவனும் நகர்வான். பள்ளிக்கூடத்தில் கோடைக்கு மரத்தடியில்தான் வகுப்பு. நிழல் நகர நகர இவனும் பலகையை இழுத்துக்கொண்டு நகர்ந்து, கடைசி மணி அடிக்கும்போது ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். இவன் படித்தது இரண்டாம் வகுப்பு. கல்யாணம் நிச்சயமானபோது மாதா கோவில் சாமியாரிடம் அவன் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: "தேதி எதுவா இருந்தாலும் சரிங்க சாமி. பூசைய மட்டும் காலையில அஞ்சரை மணிக்கு வச்சிடுங்க." பெண்வீட்டார் இதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட மனிதனைக் கடவுள் கொண்டுபோய்ச் சேர்த்தது காரைக்காலிலேயே அதிகமாக வெயில் காய்கிற இடத்தில். மனைவி லூர்தம்மாளின் அண்ணன் அருளானந்தம் நாகூர் சாலையில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் ஷெட் வைத்திருந்தார். மேலே தகரம், கீழே கறுப்புத் தார்ப்பாய், இரண்டுக்கும் நடுவில் சந்தனசாமி. தைத்து முடித்த பாயை வெளியே விரித்து, மெழுகு காய்ச்சித் தடவி, உச்சி வெயிலில் காயப்போட வேண்டும். பதினொரு வருஷம் அந்த வேலை.

"லாரியில போற உப்புக்கும் சிமெண்டுக்கும் நெழலு தச்சுக் குடுக்குறேன். எனக்கு ஒரு முழம் இல்ல பாத்தியா?" என்று தலத்தெருவில் இருந்த வீட்டுக்கு வந்து புலம்புவான்.

"சிமெண்டு இப்புடிப் பொலம்புதா? பேசாம வர்றதுனாலதான் அதுக்குப் போத்தி விடுறாங்க" என்பாள் லூர்தம்மாள்.

அருளானந்தத்தைப் பற்றிச் சொல்வதென்றால் மீசையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். விளக்கெண்ணெய் போட்டு முறுக்கி, இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி நிற்கும் மீசை. கடற்காற்றுக்கும் அசையாது. கோவிலில் அவர் நாக்கில் நற்கருணை அப்பம் வைக்கும்போது சாமியார் கொஞ்சம் வழி பார்த்துத்தான் வைப்பார். தங்கை எதிரில் இருந்தால் சந்தனசாமியை "மாப்ளே" என்று கூப்பிடுவார். ஷெட்டுக்குள் வந்துவிட்டால் "ஏய் ஊசி" என்பார்.

எழுபத்தாறாம் வருஷம் சித்திரையில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த சூசைமுத்து, கிழிந்துபோன சாய்வு நாற்காலித் துணியைத் தைக்கக் கொண்டுவந்தார். துணி தைத்து முடிகிறவரை பையிலிருந்து ஒரு படக் கார்டை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார். சந்தனசாமி தைப்பதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெருசு, கொஞ்சம் விசிறாதீங்க."

"ஏன்டா, காத்து உனக்கு ஆவாதா?"

"படத்தப் பாக்கணுங்க."

பிரான்சு தேசத்து மர்செய் பட்டணத்துக் காப்பிக் கடை அது. கடைச் சுவரிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துணி ஒன்று தெருவை நோக்கிச் சாய்ந்து நின்றது. அதன் அடியில் வெள்ளைக்காரர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூங்கில் இல்லை, கால் இல்லை, கயிறு இல்லை.

"இந்தப் பந்தலுக்குக் காலு எங்கங்க?"

"அதுக்கு எதுக்குக் காலு? சொவத்துலேர்ந்து நீட்டுவான். வெயிலு போனதும் கைப்பிடியத் திருவி சுருட்டிப்புடுவான்."

"அந்த ஊருல வெயிலு எப்புடிங்க?"

"வெயிலா? வருஷத்துல ரெண்டு மாசம் வந்து தலையக் காட்டிட்டுப் போவும்."

சந்தனசாமிக்கு ஆத்திரமே வந்துவிட்டது. இரண்டு மாதம் வெயில் அடிக்கிற ஊர்க்காரன் இவ்வளவு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான். அதே ஆட்கள் பன்னிரண்டு மாதமும் வெயில் அடிக்கிற காரைக்காலை இருநூறு வருஷம் ஆண்டுவிட்டு, போகும்போது இதை மட்டும் சொல்லாமல் போயிருக்கிறார்கள்!

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த லூர்தம்மாள் வாசலில் நின்று கேட்டாள்.

"ஏங்க, சைக்கிள எங்க?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"கொஞ்சம் கொல்லையில இருக்கு. கொஞ்சம் சொவத்துல இருக்கு."

அருளானந்தம் தங்கைக்குச் சீதனமாக வாங்கிக் கொடுத்த சைக்கிள் அது. சந்தனசாமி அதைப் பிரித்துப் போட்டிருந்தான். சுவரின் உயரத்தில் ஓர் இரும்புக் குழாய். அதில் துணி சுற்றியிருக்கும். குழாயின் முனையில் சைக்கிளின் பல்சக்கரம். இரண்டு சங்கிலியை ஒன்றாக இணைத்து இடுப்பு உயரத்துக்கு இறக்கி, அங்கே பெடலை வைத்தான். பெடலைக் கையால் சுற்றினால் துணி சுருளும். எதிர்ப்பக்கம் சுற்றினால் சுவரில் கீல் வைத்த இரண்டு இரும்புக் கைகள் துணியைத் தாங்கிக்கொண்டு வெளியே சாயும். வேண்டிய மட்டும் நீண்டதும் பல்சக்கரத்தில் ஒரு கொக்கியை மாட்டிவிட்டால் அசையாது. துணிக்கு லூர்தம்மாளின் இரண்டு புடவைகள் போயின.

முதல் சோதனையில் இரும்புக் கை கழன்று விழுந்தது. இரண்டாவது சோதனை வெற்றி. துணி அழகாகச் சுருண்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தச் சுருள் கூவியது. அதில் ஏறிப் படுத்திருந்த சேவலையும் சேர்த்துச் சுருட்டியிருந்தான். சேவலின் உயிருக்கு ஆபத்தில்லை. அதற்குப் பிறகு அது அந்த வீட்டில் கூவுவதில்லை என்று வைத்துக்கொண்டது. ஒரு வருஷத்துக்கு மேல் மல்லாடிய பிறகு ஒருநாள் எல்லாம் சரியாக நடந்தது. அடியில் நின்று லூர்தம்மாளையும் கூப்பிட்டான். அவள் மேலே பார்த்தாள்.

"நெழலு நல்லாத்தான் இருக்கு. பொடவைதான் ரெண்டு கொறையுது" என்றாள். ஆனால் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் பொங்கல் கழித்து, ஷெட்டை விட்டு விலகிக்கொள்வதாகச் சந்தனசாமி மச்சானிடம் சொன்னான். மடக்குப் பந்தல் செய்து கடைக்காரர்களுக்குப் பொருத்தப் போவதாகவும், தன் பெயரில் போர்டு வைக்கப் போவதாகவும் சொன்னான். அருளானந்தம் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீசையில் ரசம் படாமல் சாப்பிடுவது ஒரு கலை. அதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அத எவன் வாங்குவான்? நாலு மூங்கிலு, பத்துக் கீத்து. அதான் பந்தல்."

"சாமி வந்தா பிரிக்கணும்ல மச்சான்?"

அதில் விஷயம் இருந்தது. காரைக்காலின் பெரிய வீதிகளில் வருஷம் முழுக்க ஏதாவது ஓர் ஊர்வலம் வரும். சிவன் வருவார், பெருமாள் வருவார், மாதா தேர் வரும், கந்தூரி ரதம் வரும். யார் வந்தாலும் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் பந்தலைப் பிரித்துவிட வேண்டும் என்பது வழக்கம். பிரித்துக் கட்டி, பிரித்துக் கட்டிச் சலித்துப்போன கடைக்காரர்கள் கடைசியில் வெயிலோடு சமாதானம் செய்துகொண்டிருந்தார்கள்.

"என் பந்தல பத்து சுத்துல மடக்கிடலாம் மச்சான். சாமி போனதும் பத்து சுத்துல நீட்டிடலாம்."

"என் சைக்கிளப் பிரிச்சுப்புட்டு என்கிட்டயே கத விடுறியா?" அருளானந்தம் இடது கையால் மீசையைத் தடவினார். "சரி மாப்ளே. எவனாவது ஏமாந்தவன் கடையில மாட்டு. மாங்கனித் திருவிழா முடியிற வரைக்கும் அது கிழியாம, அறுபடாம, நீட்டவும் மடக்கவும் இருந்துச்சுன்னா, இந்த மீசைய எடுத்துர்றேன். இல்லன்னா ஊசியத் தூக்கிட்டு ஷெட்டுக்கு வந்துடணும். அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் பந்தல்ங்கிற பேச்சு என் காதுல விழக்கூடாது."

"சரி" என்றான் சந்தனசாமி. சொன்ன பிறகுதான் தகரமும் தார்ப்பாயும் கண்முன் வந்தன.

"நான் கேட்டுக்கிட்டேன், ரெண்டு பேரு சொன்னதையும்" என்றாள் லூர்தம்மாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

ஏமாந்தவராகக் கிடைத்தவர் கபீர் மரைக்காயர். பாரதியார் வீதியில் மேற்குப் பார்த்த ஜவுளிக்கடை. மதியம் இரண்டு மணிக்கு வெயில் கடைக்குள் வந்து உட்கார்ந்தால், ஆறு மணிக்குத்தான் எழுந்து போகும். வாசலில் தொங்கவிட்ட பச்சைப் புடவை மூன்று மாதத்தில் பாதி பச்சையும் பாதி பழுப்புமாக ஆகிவிடும். அதை "பம்பாயிலேர்ந்து வந்த புது ரகம்" என்று சொல்லி விற்றுப் பார்த்தார். வாங்கிய அம்மாள் வீட்டில் துவைத்து, முழுப் பழுப்பாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"செய்யி. ஆனா ஒண்ணு" என்றார் கபீர். "மழை பேஞ்சா தண்ணி வாடிக்கைக்காரங்க தலையில ஒழுவக்கூடாது."

"ஒழுவாது பாய். முன்னால தொட்டி மாதிரி ஒரு மடிப்பு வச்சுத் தச்சிடுறேன். தண்ணி அதுல நின்னு, ஓரமா வடிஞ்சிடும்."

அந்த மடிப்பை அவன் லாரித் தார்ப்பாய்த் தையலாக மூன்று வரிசை ஓட்டினான். யானை படுத்தாலும் பிரியாது. பங்குனியில் பந்தல் ஏறியது. பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஆறடி நிழல். முதல்நாள் பெடலைச் சுற்றி நீட்டியபோது தெருவே கூடி நின்று பார்த்தது. மடக்கியபோது கைதட்டியது. மறுபடி நீட்டச் சொன்னது. அன்று பதினேழு தடவை நீட்டி மடக்கியதில் சந்தனசாமிக்குத் தோள்பட்டை வீங்கிவிட்டது.

அதற்கப்புறம் ஒரு சங்கடம் வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், வெள்ளரிக்காய் விற்கும் பூவாயி, இரண்டு பசு மாடுகள் எல்லாம் கபீர் கடை நிழலுக்குக் குடிவந்துவிட்டார்கள். புடவை வாங்க வந்தவர்கள் மாட்டைத் தாண்டி வர வேண்டியிருந்தது. கபீர் எரிச்சல் தாங்காமல் மெல்லப் பந்தலைச் சுருட்டுவார். நிழல் சுருங்கச் சுருங்க எல்லாரும் ஒரு வரிசையாகச் சுவரோரம் வந்து ஒட்டிக்கொள்வார்கள். முழுக்கச் சுருட்டினால் கடைக்குள்ளேயே வந்துவிடுவார்கள். "நீட்டியே வச்சிடுறேன். அதான் லாபம்" என்று விட்டுவிட்டார்.

ஆனி மாதம் வந்தது. மாங்கனித் திருவிழாவுக்கு அம்பகரத்தூர், திருநள்ளாறு பக்கத்து பஸ்களெல்லாம் நிரம்பி வழியும். சிவன் பிச்சாண்டவராகச் சப்பரத்தில் வீதி வலம் வருவார். சப்பரம் வீட்டைக் கடந்ததும் மாடியிலிருந்து ஜனங்கள் மேல் மாம்பழம் இறைப்பார்கள். குழந்தை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள் வேண்டுதலாக இறைப்பார்கள். வேண்டுகிறவர்கள் கீழே நின்று மடி ஏந்திப் பிடிப்பார்கள்.

கபீர் கடை மாடியில் குடியிருந்தவர் சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கிளார்க்கு. அவர் மனைவி அல்லி ஒன்பது வருஷம் அந்த வீதியில் மடி ஏந்தி நின்று, போன வருஷம் பெண் குழந்தை பெற்றிருந்தாள். புனிதா என்று பெயர். ஆயிரம் மாம்பழம் தன் கையால் இறைப்பதாக அல்லியின் வேண்டுதல். மூன்று நாளாகக் கூடை கூடையாக மாடி ஏறியது. பழுத்த வாசனையில் கீழே புடவைகள்கூட மணத்தன.

திருவிழா அன்று காலையிலேயே கபீர் சொன்னார். "சந்தனசாமி, இன்னைக்கு வேணாம். இப்பவே மடக்கி வச்சிடு."

"பாய், ஜனம் வெயில்ல நிக்கிது. சப்பரம் முனை திரும்புறதப் பாத்துட்டு மடக்குறேன். ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கிறதுக்குள்ள மடங்கிடும். ஒத்திகையே பாத்துட்டேன்."

உண்மைக் காரணம் அதுவல்ல. மச்சான் வருவதாகச் சொல்லியிருந்தார். ஊரே கூடியிருக்கும்போது, சாமி வருகிற அந்த நொடியில், அவர் கண்ணெதிரில் மடக்கிக் காட்ட வேண்டும் என்று சந்தனசாமிக்கு ஆசை. இந்த ஒரு நாள் கழிந்தால் ஷெட் கிடையாது, மெழுகு கிடையாது, "ஏய் ஊசி" கிடையாது. காற்றுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் கணக்குப் போட்டுப் பந்தல் செய்தவன், அதற்கு நேர் மேலே ஆயிரம் மாம்பழம் இருப்பதை மட்டும் யோசிக்கவில்லை. சப்பரம் கடந்த பிறகுதானே இறைப்பார்கள், அப்போது மடங்கியிருக்குமே என்று இருந்துவிட்டான்.

பிற்பகல் மூன்று மணிக்கு அருளானந்தம் வந்தார். மீசைக்கு அன்று கூடுதல் எண்ணெய். கபீர் வந்தவர்களுக்கெல்லாம் நன்னாரி சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தார். அருளானந்தம் ஒரு கிளாஸை வாங்கிக்கொண்டு, பந்தலுக்கு நடுவில் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"வேர்வையக் காணும் மாப்ளே. நெழலு நல்லாத்தான் இருக்கு. கடைசி நாளுல்ல, அனுபவிச்சுக்க."

தூரத்தில் நாயனம் கேட்டது. சப்பரம் இன்னும் அடுத்த வீதியில்தான் இருந்தது. சந்தனசாமி பெடலில் கை வைத்துக்கொண்டு முனையைப் பார்த்தபடி நின்றான். அவன் பார்க்காத ஒன்று மாடியில் நடந்தது. இடுப்பில் இருந்த குழந்தை புனிதா கையில், விளையாட ஒரு மாம்பழத்தைக் கொடுத்திருந்தார்கள். நாயனம் கேட்ட சந்தோஷத்தில் அவள் அதைக் கீழே விட்டுவிட்டாள். பழம் பந்தலின் ஓரத்தில் பட்டு எகிறிக் கூட்டத்துக்குள் விழுந்தது.

கூட்டம் "ஹோ" என்று கத்தியது. எதிர்ச்சாரி மாடிக்காரர்கள் அதைக் கேட்டு, எறிய ஆரம்பித்துவிட்டார்கள் என்று எண்ணித் தாங்களும் எறிந்தார்கள். அதைப் பார்த்த சின்னப்பிள்ளை, "அல்லி! எல்லாரும் ஆரம்பிச்சுட்டாங்க, போடு!" என்று முதல் கூடையைத் தூக்கிக் கொடுத்தார்.

அல்லிக்கு வலுவான கை இல்லை. அவள் எறிந்தது எதுவும் மூன்றடியைத் தாண்டவில்லை. ஆறடிப் பந்தலில் எல்லாம் தொப் தொப்பென்று விழுந்து, உருண்டு, மழைத் தண்ணீருக்காகத் தைத்த மடிப்பில் போய் அணிவகுத்தது. சின்னப்பிள்ளை கூடையோடு சாய்க்கத் தொடங்கினார்.

தெருவில் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மாடியில் இறைக்கிறார்கள், தரைக்கு ஒன்றும் வரவில்லை. அம்பகரத்தூரிலிருந்து வந்திருந்த மருதையன் என்பவர் கத்தினார்: "யோவ், பாய் கடைப் பந்தலுக்கு வாய் இருக்குய்யா! எல்லாத்தையும் முழுங்குது!"

சந்தனசாமி மேலே பார்த்தான். பச்சை வெள்ளைத் துணி நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி தொங்கியது. பெடலைச் சுற்றினான். அசையவில்லை. 'அருள் நிறைந்த மரியே' ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. ஐந்தாவதில் பெடல் கட்டை கையோடு வந்துவிட்டது.

"போடாதீங்க! போடாதீங்க!" என்று மாடியைப் பார்த்துக் கை ஆட்டினான். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்காத சின்னப்பிள்ளை, பாராட்டுகிறான் என்று நினைத்துத் தானும் சிரித்துக் கையாட்டிவிட்டு, அடுத்த கூடையைச் சாய்த்தார்.

சப்பரம் முனை திரும்பிவிட்டது. அதன் குடை பந்தலின் இரும்புக் கைகளில் இடிக்கும் என்பது பார்த்தாலே தெரிந்தது. திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்கு செய்யும் சுப்ராயன், தோளில் துண்டும் வாயில் விசிலுமாக ஓடிவந்தார்.

"என்னாய்யா இது? சாமி வந்துக்கிட்டு இருக்காரு! மடக்குய்யா!"

"மடங்கலீங்க."

"மடங்கலன்னா அறுத்து விடு! கத்தி யாருகிட்டய்யா இருக்கு?"

கத்தி அருளானந்தத்திடம் இருந்தது. தார்ப்பாய் அறுக்கும் வளைந்த கத்தி இல்லாமல் அவர் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. நாற்காலியில் இருந்தபடியே இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார். குரலில் இவ்வளவு பாசத்தைச் சந்தனசாமி கேட்டதே இல்லை.

"இந்தா மாப்ளே. உன் கையாலயே அறுத்துப்புடு. திங்கக்கெழம எட்டு மணிக்கு ஷெட்டத் தொறந்துடுவேன்."

சந்தனசாமி கத்தியை வாங்கிக்கொண்டான். லூர்தம்மாள் எதிர்ப்பக்கம் குடையைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். மூன்று வரிசைத் தையல். அறுக்க மனம் வரவில்லை. பல்சக்கரத்தைப் பார்த்தான். கொக்கி பல்லில் மாட்டி இறுகிப்போய் நின்றது.

மேலே போக மாட்டேன் என்கிறது. சரி, கீழே போகட்டுமே?

"மச்சான், எந்திரிங்க!" என்று கத்தினான்.

"ஏன், நாக்காலியும் உனக்கு வேணுமா?"

"எந்திரிங்க மச்சான், விழப்போவுது!"

"என்னக் கெளப்பிட்டு என்னமோ தில்லுமுல்லு பண்ணப் பாக்குறியா? நான் இங்கதான் இருப்பேன்."

சுப்ராயன் விசில் அடித்து மற்றவர்களை விலக்கினார். பூவாயி கூடையோடு எழுந்து ஓடினாள். மாடுகளே எழுந்துபோயின. சந்தனசாமி ஸ்டூலில் ஏறி, கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் கொக்கியை ஓங்கி ஓர் அடி அடித்தான். இரண்டாவது அடியில் கொக்கி எகிறியது. சங்கிலி சரசரவென்று ஓடியது. சுருளில் மிச்சமிருந்த துணி அத்தனையும் அவிழ்ந்து, இரும்புக் கைகள் இரண்டும் கீழே சாய்ந்து, பந்தல் முழுசாகச் சுவரோடு வந்து படுத்துக்கொண்டது. மேலே இருந்த மாம்பழம் எல்லாம் துணிக்கு வெளியிலும், பக்கவாட்டு வழியாக உள்ளிலும் சரிந்து, கல்யாணச் சாப்பாட்டுக்குச் சோறு கொட்டுவதுபோல் தெருவில் கொட்டியது.

அப்புறம் ஒரே அமளி. மடி, குடை, துண்டு, தொப்பி என்று எது கிடைத்ததோ அதில் ஜனம் அள்ளியது. மருதையன் வேட்டியிலேயே அள்ளினார்.

சந்தனசாமி கழன்ற பெடலை மாட்டிச் சங்கிலியை ஏற்றினான். துணி இப்போது வெறுந்துணி. ஒரு சுற்று, இரண்டு சுற்று. நாடகத் திரை மாதிரி பந்தல் கீழிருந்து மேலே ஏறியது. முதலில் ஒரு ஜோடிச் செருப்பு தெரிந்தது. அப்புறம் முழங்கால். அப்புறம் மடி நிறைய மாம்பழம். அப்புறம் ஒரு சர்பத் கிளாஸ். அதற்குள் ஒரு மாம்பழம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கடைசியாக அருளானந்தத்தின் முகம் வந்தது. ஒரு பக்கத்து மீசை பழைய இடத்திலேயே இருந்தது. மறுபக்கம் மாம்பழச் சாற்றின் கனத்தில் கீழே இறங்கி, முனையில் சொட்டிக்கொண்டிருந்தது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. மடியிலிருந்த பழத்துக்காக ஏழெட்டுப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பத்தாவது சுற்றில் துணி முழுக்கச் சுருண்டு சுவரோடு ஒட்டியது. சந்தனசாமி கொக்கியை மாட்டினான். சப்பரம் வந்தது, குடை எதிலும் படாமல் கபீர் கடையைக் கடந்து போனது. சந்தனசாமி சிலுவை போட்டுக்கொண்டான். கபீர் வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

கூட்டம் கலைந்ததும் அருளானந்தம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "இது செல்லாது. நீ மடக்கல மாப்ளே. அது விழுந்துச்சு."

லூர்தம்மாள் தெருவைக் கடந்து வந்தாள். தலைகீழ்க் குடையில் இருபது பழமாவது இருக்கும்.

"அண்ணே, விழுந்தது நீட்டுனது. ஏறுனது மடக்குனது. ரெண்டும் நடந்துச்சு. கிழிஞ்சுதா?"

"கிழியல."

"அறுபட்டுச்சா?"

அருளானந்தம் தன் கத்தியைப் பார்த்தார். "இல்ல."

"அப்ப வீட்டுக்கு வா. சவரக் கத்தி தீட்டி வச்சிருக்கேன், வெந்நியும் இருக்கு. மாம்பழம் காயறதுக்குள்ள எடுத்தா சுலுவா வரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் வழி பார்க்காமல் அவருக்கு நற்கருணை கொடுத்தார். யாரோ வெளியூர்க்காரர் என்று நினைத்திருக்க வேண்டும்; பூசை முடிந்து எந்த ஊர் என்று விசாரித்தார். கிறிஸ்துமஸுக்குள் மீசை திரும்ப வளர்ந்துவிட்டது. ஆனால் "ஏய் ஊசி" திரும்ப வரவில்லை.

அந்த வருஷமே வீதியில் நாலு கடைக்காரர்கள் மடக்குப் பந்தல் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மாங்கா தாங்குமா?" என்றுதான் கேட்டார்கள். "எத்தன மாங்கா?" என்று திருப்பிக் கேட்டு, அதற்குத் தக்கபடி சந்தனசாமி தைத்துக் கொடுத்தான். தலத்தெருவில் போர்டு ஏறியது. அதில் அவன் பெயரைவிடப் பெரியதாக ஒரு குடை வரைந்திருந்தார்கள். எண்பத்திரண்டில் நாகூர் சாலை ஷெட் வாசலிலும் ஒரு பந்தல் ஏறியது. அருளானந்தம் அளவெடுக்க நேரில் கூப்பிடவில்லை. தங்கையிடம் சொல்லி அனுப்பினார்.

அதற்கெல்லாம் முன்னால், எழுபத்தொன்பதாம் வருஷ மாங்கனிக்கு ஒரு வாரம் முன்பே அல்லி படியிறங்கி வந்தாள்.

"அண்ணே, போன தடவ பாதிய இவரு சாச்சுட்டாரு, என் வேண்டுதல் முடியல. இந்தத் தடவையும் நீட்டி வச்சிடுங்க. நான் என் கையால மெதுவாப் போட்டு நெரப்பிடுறேன். சாமி தாண்டுனதும் தட்டி விட்டுடுங்க. நான் எறிஞ்சா எங்க போவுது?"

"சப்பரம் வர்றப்ப குடை இடிக்குமேம்மா?"

"அரைவாசி நீட்டுங்க."

அரைவாசி நீட்டினான். சப்பரம் கடந்ததும் மரச்சுத்தியால் ஒரே தட்டு. ஆயிரம் பழமும் ஒரே மூச்சில் இறங்கின. அம்பகரத்தூர் மருதையன் முதல் ஆளாக நின்றிருந்தார். இந்தத் தடவை சாக்கு கொண்டுவந்திருந்தார். எதிர்ச்சாரியில், எந்தப் பந்தலும் இல்லாத ஒரு சுவரோரமாக, மீசையில் கை வைத்தபடி அருளானந்தம் நின்றார்.

கூட்டம் போன பிறகு பந்தலை முழுக்க நீட்டி, துணி தொய்ந்திருக்கிறதா, கை கோணியிருக்கிறதா என்று பார்க்கச் சந்தனசாமி நடுத்தெருவுக்குப் போனான். இடப்பக்கம் சாய்ந்து பார்த்தான், வலப்பக்கம் சாய்ந்து பார்த்தான். நாலு மணி வெயில் பின்மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

பந்தலுக்கு அடியில் மாம்பழம் தின்றுகொண்டிருந்த லூர்தம்மாள் கூப்பிட்டாள். "ஏங்க, வெயிலு மண்டையப் பொளக்குது. இங்க வந்து நில்லுங்க."

"இரு. இங்கேர்ந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியுது" என்றான் சந்தனசாமி, நகராமல்.